உம்மும்மாவின் கிதாபு

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு கடமை உண்டு. வாப்பா வாங்கிவரும் வாரப் பத்திரிகையை உம்மும்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உம்மா பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைப்பார். "இண்டைக்கு என்ன கதை வந்திருக்கு மகள்?" என்று உம்மும்மா தொடங்குவார். அரசியல் அவருக்கு வேண்டாம். சிறுகதை, கவிதை, பழைய பாடகர்களின் கதை, எங்கோ கண்டெடுத்த விசித்திரப் பொருள் பற்றிய துணுக்கு, இவைதான் வேண்டும்.

எனக்கோ சில நாட்களில் சலிப்பாக இருக்கும். 'வாசிக்கத் தெரிந்திருந்தால் இவரே வாசிப்பாரே' என்று நினைப்பேன். கிராம சேவகர் கொடுத்த படிவமொன்றை நிரப்பியபோது, உம்மும்மாவின் பெயருக்கு நேரே 'எழுத வாசிக்கத் தெரியாது' என்று நான்தான் எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, அறிஞர் சித்திலெப்பை பற்றிய கட்டுரை வந்திருந்தது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் 'அசன்பேயுடைய கதை' என்ற நாவலை வெளியிட்டவர். பெண்களும் கல்வி கற்க வேண்டுமென்று பாடுபட்டவர். கேட்டுக்கொண்டிருந்த உம்மும்மா, "அலுமாரியில என்ட கிதாபு இருக்கு, எடுங்கோ" என்றார்.

சீலைத் துண்டில் சுற்றிய மஞ்சளேறிய புத்தகம். அரபு எழுத்துகள். குர்ஆன் ஓதத் தெரிந்த துணிவில் வாசிக்கப் பார்த்தேன். சில எழுத்துகளில் காணாத புள்ளிகள் இருந்தன. இரண்டாம் வரியிலேயே தடுமாறிவிட்டேன். உம்மும்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வலமிருந்து இடமாக நகர்த்தி, இராகத்தோடு ஓதினார். எனக்கு எல்லாம் விளங்கியது. அது தமிழ்!

அதுதான் அரபுத் தமிழ். ப, ட, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. ஆகவே இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். எ, ஒ என்ற உயிர்களுக்கும் தனிக் குறிகள் வைத்தார்கள். பள்ளிக்கூடம் போக முடியாத பெண்களும் ஓதப் போன இடத்தில் கற்ற எழுத்தைக் கொண்டே மார்க்கச் சட்டங்களையும் மாலைகளையும் முனாஜாத்துகளையும் வாசித்தார்கள். அவர்களில் ஒருவர் என் உம்மும்மா.

"ஏன் உம்மும்மா இவ்வளவு நாளும் சொல்லயில்ல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கயில்லயே மகள்."

எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. அந்தப் படிவம்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பு இரண்டு பங்கு. காலையில் பத்திரிகையை நான் வாசிக்க அவர் கேட்பார். அஸருக்குப் பிறகு கிதாபை விரித்து ஒவ்வொரு எழுத்தாக அவர் சொல்லித் தருவார். ழகரப் புள்ளியை நான் இன்னும் மறந்துவிடுகிறேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி காட்டுகிறார்.

இன்னொரு படிவம் எங்கள் வீட்டுக்கு வந்தால், அந்தக் கேள்விக்கு நேரே 'தெரியும்' என்று எழுதுவேன், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் அவரிடம் கேட்டுவிட்டே எழுதுவேன்.