முதியவர் முன் அமர்தல்



அறுபதாம், எண்பதாம் மணவிழாக்களுக்காகத் திருக்கடையூருக்கு நாள்தோறும் குடும்பங்கள் வருகின்றன. பிள்ளைகள் சூழ நின்று பெற்றோரைக் கனம்பண்ணுவது காணத்தகுந்த காட்சியே. அதே ஊரில், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, நம் சபையின் முதியோர் சிலர் வாசற்கதவைத் திறந்துவைத்துத் தனியே காத்திருக்கின்றனர்.

அவர்களைச் சந்திப்பதை நம் வாலிபர்கள் சிறிய பணியாகக் கருதுகின்றனர். சுவிசேஷ ஊழியம் என்றாலே தெருப்பிரசங்கமும் கைப்பிரதியும்தான் என்பது அவர்கள் எண்ணம். அருகிலுள்ள தரங்கம்பாடியில் நடந்தது வேறு. 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்திறங்கிய சீகன்பால்குக்கு ஏறத்தாழ 24 வயது. பிரசங்கிக்கத் தமிழ் தெரியாது. முதிய தமிழாசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதோ 1715இல்தான். இந்தக் கரையில் சீர்திருத்தச் சபையின் ஊழியம் ஒரு முதியவர் பேச, இளைஞர் கேட்டதில் தொடங்கியது என்றே நான் எண்ணுகிறேன்.

ஐந்து நிமிடம் ஜெபித்து எழுந்துவிடுவது சந்திப்பு ஆகாது. “ஜெபம் ஆயிற்று ஐயா, இனிக் கொஞ்சம் உட்காருங்கள்” என்றார் விதவைத் தாயார் ஒருவர். அன்று அவர் பேசியதெல்லாம் பழைய அறுப்பின் பண்டிகைகளைப் பற்றியே. எந்த வீட்டார் எத்தனை மரக்கால் நெல் படைத்தனர் என்பதுவரை நினைவிருந்தது.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர்கள் இருவர் இருவராகப் புறப்படுகின்றனர். கைப்பிரதிகள் வேண்டாம். காப்பி கொடுத்தால் மறுக்காதீர்கள்.