குதிரைக்கு வலிச்சா...

பி.காம் படிக்கிறவனுக்கும் குதிரையோட கால்வலிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

போன மாசம் அக்கா பையனை மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். வந்ததுல இருந்து "குதிர, குதிர"ன்னு ஒரே அடம். ஓரமா நின்னுட்டிருந்த ஒரு குதிரைக்காரர்கிட்ட போய்க் கேட்டா, "இன்னைக்கு ஏத்த மாட்டேன் தம்பி, கால் நோவுது அதுக்கு"ன்னுட்டார். முன்னங்கால்ல தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தார். நான் விடுவேனா? "ஒரே ஒரு ரவுண்டுண்ணே, பையன் அழறான். வலிக்கு ஊசி கீசி போட முடியாதா?"ன்னேன்.

"ஊசி போட்டா இப்பவே ஓடும் தம்பி. வலி தெரியாம ஓடி கால ஒடச்சிக்கும். அப்புறம்?"

பதில் தெரியல. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன்.

அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. குதிரைக்கு அதிகமா குடுக்குற வலி மருந்து பினைல்பியூட்டசோன். நல்லா வேலை செய்யும். ஆனா அளவு மீறினாலோ, ரொம்ப நாள் குடுத்தாலோ வயித்துல புண் வரும், கிட்னி கெடும். 1968 கென்டக்கி டெர்பியில முதல்ல வந்த டான்சர்ஸ் இமேஜ்ங்கிற குதிரையோட பரிசைப் பறிச்சதே இந்த மருந்து உடம்புல இருந்ததாலதான்.

சரி, மருந்தில்லாம என்னதான் வழி?

முதல்ல குளிர்ச்சி. புதுசா அடிபட்ட, வீங்கின காலுக்கு ஒரு இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணி. லாமினைட்டிஸ்னு ஒரு கொடுமை இருக்கு. குளம்பையும் உள்ள இருக்கிற எலும்பையும் சேத்துப் பிடிக்கிற திசு வீங்கிப் பிஞ்சு போறது. அது வர்ற மாதிரி இருந்தா ரெண்டு மூணு நாள் விடாம காலை ஐஸ்லயே வச்சிருக்காங்க! இதுல ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல கிறிஸ் பொல்லிட் குழு செஞ்ச ஆராய்ச்சி முக்கியமானது. நம்மளால ஐஸ்ல ரெண்டு நிமிஷம் கால் வைக்க முடியாது. குதிரை பாட்டுக்கு நிக்குமாம் :)

அடுத்தது பாரம். 450, 500 கிலோ உடம்பு நாலு குளம்புல நிக்குது. அதுலயும் முன்னங்கால்லதான் சுமார் 60 சதவீதம். அதனால கனமா மணலோ வைக்கோலோ பரப்புறது, காலுக்கேத்த லாடம், குளம்புக்கு அடியில மெத்துன்னு ஒரு பேட், குண்டா இருந்தா எடை குறைக்கிறது.. இதெல்லாமே வலி நிவாரணம்தான். 2006ல டெர்பி ஜெயிச்ச பார்பரோ ரெண்டே வாரத்துல வலது பின்னங்காலை ஒடச்சுக்கிச்சு. ஆபரேஷன் பண்ணி அந்தக் காலைக் காப்பாத்தப் போராடுனாங்க. ஆனா பாரத்தைச் சுமந்த இடது பின்னங்கால்ல லாமினைட்டிஸ் வந்திருச்சு. 2007 ஜனவரியில கருணைக்கொலை.

மூட்டு தேஞ்ச கிழட்டுக் குதிரைக்கு இது அப்படியே தலைகீழ். கட்டியே போட்டா இறுகிடும். மெதுவா நடக்க விடணும், சூட்டு ஒத்தடம், மசாஜ் குடுக்கலாம். ஆனா லாமினைட்டிஸ் இருக்கிறதை நடக்க வச்சா நாசம். அதனால டாக்டர் பாத்து, எதனால வலின்னு தெரிஞ்சப்புறம்தான் வைத்தியம். அக்குபங்சர் பண்றவங்களும் இருக்காங்க, ஆதாரம் அவ்வளவா இல்ல. வயித்துவலின்னா உடனே டாக்டர், அவர் பாத்துச் சொல்ற மருந்து.

பெரிய சிக்கல், குதிரை வலியக் காட்டிக்காது. வேட்டையாடப்படுற மிருகம், நொண்டினா புலிக்குத் தெரிஞ்சிடும். 2014ல வந்த ஒரு ஆராய்ச்சி முகத்தைப் பாக்கச் சொல்லுது: பின்னால விறைச்ச காது, இடுங்கின கண்ணு, இறுகின வாய், மூக்கு.

இதுல மலிவான மருந்து ஓய்வுதான்னு நினைச்சேன். கணக்கு போட்டுப் பாத்தா அதுதான் காஸ்ட்லி. சவாரி இல்லாத நாள்ல வரவு சைபர், ஆனா கொள்ளும் புல்லும் வாங்கியே ஆகணும். பிக்சட் காஸ்ட்! அன்னைக்கு அந்த மனுஷன் தன் கூலியத்தான் குதிரைக்கு வைத்தியமா குடுத்துட்டிருந்தார். நான் போய் ஒரு ரவுண்டுக்குப் பேரம் பேசியிருக்கேன்.

அந்தக் குதிரையோட காது எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். ஞாபகமே வரல. நான் பாக்கவே இல்ல.