உட்வர்ட் சாலையும் ஒரு பழைய வண்டியும்

அமெரிக்கா சென்று வந்தோம் என்றதும், நயாகராவைப் பார்த்தீர்களா என்றே மாதுங்காவில் அன்பர்கள் பலரும் கேட்கிறார்கள். பார்த்தோம். ஆயினும் நாங்கள் இங்கு எழுத விரும்புவது அந்த நீர்வீழ்ச்சியைப் பற்றியன்று. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கார் கொட்டகையில் கழித்த இரண்டு பிற்பகல்களைப் பற்றியே எழுதுகிறோம்.

2024 ஆகஸ்டில் எங்கள் மகன் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். டெட்ராயிட்டுக்கு வடக்கே ராயல் ஓக் என்னும் ஊர். அவ்வூர் வழியே செல்வதுதான் உட்வர்ட் சாலை. டெட்ராயிட் ஆற்றங்கரையருகே தொடங்கி, வடமேற்காக ஏறத்தாழ 27 மைல் ஓடிப் பாண்டியாக் நகரை அடைகிறது. 1909-இல் இதன் ஒரு மைல் பகுதிக்குச் சிமெண்டுக் காங்கிரீட் போட்டு நாட்டுக்கே வழிகாட்டினார்கள். ஹென்றி ஃபோர்டு 1913-இல் நகரும் தொகுப்பு வரிசையில் கார்களைப் பூட்டத் தொடங்கிய ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையும் இச்சாலையோரத்திலேயே உள்ளது.

பாண்டியாக் என்றதும் பாண்டிய நாட்டு நினைவு எங்களுக்கு வந்தது உண்மை. ஆனால் அது 1763-இல் ஆங்கிலேயரின் டெட்ராயிட் கோட்டையை முற்றுகையிட்ட செவ்விந்தியத் தலைவர் ஒருவரின் பெயர். அப்பெயர் ஊருக்கு ஆகி, பின்னர் ஊரிலிருந்து காருக்கும் ஆயிற்று. அந்தக் கார் வகை 2010-க்குப் பின் இல்லை. பழைய வண்டிகள் மட்டும் இன்றும் ஓடுகின்றன.

மகன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் எழுபத்தேழு வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். இளமையில் பாண்டியாக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1967-இல், தம் இருபதாம் வயதில், கூலிப் பணத்தில் மாதத் தவணை கட்டி வாங்கிய ஜி.டி.ஓ. என்னும் காரை இன்றும் காத்து வருகிறார். "மசில் கார்" என்று அந்நாட்டார் அழைக்கும் இனத்தைச் சேர்ந்தது அது.

இந்த இனம் பிறந்த கதை சுவையானது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகத்தின் விதி. பாண்டியாக் பிரிவின் பொறியியலாரோ, பெரிய காருக்குரிய 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் என்னும் நடுத்தரக் காரில் பொருத்தினார்கள். அதனைத் தனி வண்டி என்னாமல், வேண்டுவோர் கேட்டுப் பெறும் கூடுதல் அமைப்பு என்று சொல்லி 1964-ஆம் ஆண்டு மாடலில் விற்றார்கள். பெரியவரின் 1967 வண்டியில் எஞ்சின் 400 கன அங்குலம்; குதிரைத்திறன் 335. நம் பம்பாய் டாக்ஸியாக ஓடிய பத்மினியின் எஞ்சின்கள் ஆறினை ஒன்றாகச் சேர்த்தாற்போன்றது அது!

இவ்வளவு சக்தியும் பின்சக்கரம் இரண்டுக்கே செல்கிறது. கனமான எஞ்சினோ முன்னால் இருக்கிறது. ஆகவே திடீரென மிதித்தால் பின்டயர் சாலையைப் பற்றாமல் புகை கக்கிச் சுழலும். அகன்ற டயர் இட்டால் பிடிப்பு மிகும். பின்புறம் கம்பீரமாகவும் தோன்றும். அறுபதுகளில் உட்வர்ட் சாலையில் இரவு தோறும் போட்டியிட்ட இளைஞர்களுக்கும் இந்த ஆசையே இருந்தது.

பெரியவரின் பேரனுக்கும் அதே ஆசை. பத்தொன்பது வயதுப் பிள்ளை. சேமித்த பணத்தில் 15 அங்குல ரிம்களும் 275/60 அளவு டயர்களும் வாங்கி வந்து பின்னால் மாட்டிவிட்டான். நின்ற இடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தெருமுனை மேட்டில் ஏறி இறங்கியதும் இடப்புற மட்கார்டின் உள்விளிம்பில் டயர் உராய்ந்து, எங்கள் வாசல் வரை ரப்பர் நாற்றம் வந்தது.

"விளிம்பைச் சிறிது அறுத்துவிட்டால் போதும், தாத்தா. வெளியே தெரியவே தெரியாது" என்றான் பேரன்.

"இந்தத் தகடு நான் வேலை செய்த ஊரில் வளைத்தது. ஐம்பத்தேழு வருஷம் துருவிடமிருந்து காத்தேன். இதில் ரம்பம் பட்டால் வண்டி உனக்கு இல்லை" என்றார் பெரியவர்.

வண்டியைப் பேரனுக்கே தருவதென்று அவர் முன்பே வாக்களித்திருந்தார். அன்று மாலை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆகஸ்டு 17, சனிக்கிழமை, பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் உட்வர்டில் அணிவகுக்கும் விழா. ஃபெர்ண்டேல் ஊரில் சிறுவர்களுக்குக் கால்பந்து மைதானம் அமைக்கப் பணம் திரட்டும் பொருட்டு 1995-இல் தொடங்கிய வழக்கம் அது. விழாவுக்கு ஐந்தே நாள் இருந்தது.

மறுநாள் பிற்பகல் பெரியவரே இறங்கி வந்தார். கையில் அளவுநாடா, தூக்குநூல், குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண். "நீ வாங்கிவிட்டு அளந்தாய், இப்போது அளந்துவிட்டு வாங்குவோம்" என்றார்.

ஜாக்கியில் தூக்கி வைத்து அளப்பது வீண் என்று விளக்கினார். சக்கரம் தொங்கும்போது இடைவெளி மிகுதியாகத் தோன்றும். பாரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போதுதான் உண்மை வெளிப்படும். பழைய வண்டியில் பின்அச்சு நடுவாக இராது என்பதால் இரு பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்றார். அவ்வாறே வலப்பக்கத்தை விட இடப்பக்கம் கால் அங்குலம் குறைவாக இருந்தது. உட்புறத்திலும் சட்டத்துக்கும் டயருக்கும் அரை அங்குலமே இருந்ததால், ரிம்மை உள்ளே தள்ளவும் வழியில்லை.

டயர்க்கடையில் விஷயத்தைச் சொல்லி, தேய்வு இல்லாத அந்த டயர்களைக் கொடுத்து 255/60 அளவுக்கு மாற்றிக் கொண்டார்கள். அகலம் 20 மில்லிமீட்டர் குறைந்தது; பக்கத்துக்குப் பத்து. உயரமும் 28 அங்குலத்திலிருந்து 27 ஆயிற்று. பின்னர் மட்கார்டின் உள்விளிம்பில் களிமண்ணை ஒட்டினார்கள். இனிப் பாரம் வேண்டும். பின்ஆசனத்தில் எங்கள் இருவரையும், எங்களுக்கு இடையே மகனையும் அமர்த்தினார்கள். மூவர் எடைக்கும் அன்று கிடைத்த மதிப்பு வேறென்றும் கிடைத்ததில்லை! வண்டியைக் கோணலாக மேட்டில் ஏற்றி இறக்கி, ஒவ்வொரு பின்சக்கரமாக மேலே அமுங்கச் செய்தார்கள். இறங்கிப் பார்த்தோம். களிமண் ஒட்டியபடியே இருந்தது. டயரின் தடம் எதுவும் அதில் இல்லை.

பெரியவர் மேலும் இரண்டு செய்தி சொன்னார். பழைய 14 அங்குல டயரை விட இது உயரமாதலால் வேகமானி சிறிது குறைத்துக் காட்டும். 60 என்று காட்டும்போது வண்டி ஏறத்தாழ 63 மைல் வேகத்தில் செல்லும். பின்டயர் இரண்டும் எப்போதும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் டிஃபரென்ஷியல் பழுதாகும். பேரன் இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கதவுப் பையில் வைத்துக் கொண்டான்.

சனிக்கிழமை மடக்கு நாற்காலிகளுடன் சாலையோரம் அமர்ந்திருந்தோம். மாலை நான்கு மணியளவில் அந்த வண்டி வந்தது. பேரன் ஓட்டினான்; தாத்தா பக்கத்தில் இருந்தார். எங்களைக் கண்டு கை அசைத்தார். இறங்கியதும் அவர் முதலில் செய்தது, இடப்புற மட்கார்டின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்ததுதான். வண்ணம் சிதையவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்துப் பேரன் கையில் வைத்தார். அவன் ஒன்றும் பேசாமல் அவர் தோளில் சாய்ந்து கொண்டான்.

பம்பாயில் கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றதை நேயர்கள் அறிவார்கள். அந்த வண்டியைச் சொந்தக் காராக இன்றும் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே சில உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதற்குப் பெரிய டயர் கேட்டால், கோபிக்க வேண்டாம். முதலில் ஓர் அளவுநாடாவையும் சிறிது களிமண்ணையும் கையில் கொடுங்கள். பின்ஆசனத்தில் பாரத்துக்கு ஆள் வேண்டுமெனில் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். பழகிய வேலைதான், வருகிறோம்.