பட்டு பார்க்க வியட்நாமா? பிள்ளைகளோடு முதலில் ஆரணிக்கு ஒரு நடை!

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நேரத்தில் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வியட்நாம் படங்களாக வந்து விழுகின்றன. ஹா லாங் விரிகுடாவில் படகு, டா நாங் பக்கம் இரண்டு பெரிய கைகள் தாங்கி நிற்கும் தங்கப் பாலம், ஹோய் ஆன் தெருக்களில் தொங்கும் வண்ண விளக்குகள். சில குடும்பங்களின் படங்களில் ஹனோய்க்குப் பக்கத்திலுள்ள வான் ஃபுக் பட்டுக் கிராமமும் இருக்கும். அங்கே ஒரு தறியின் முன்னால் கண்கள் விரிய நிற்பார்கள் நம்மூர்ப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். "உங்கம்மா கல்யாணப் பட்டை எங்கே நெய்தாங்க தெரியுமா?" பெரும்பாலும் கடையின் பெயர்தான் பதிலாக வரும். ஊரின் பெயர் வராது. அப்படிச் சொல்லப்படாமல் போகும் ஊர்களில் ஒன்று ஆரணி.

சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். வேலூரிலிருந்து ஏறக்குறைய 40. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாக நதியின் கரையில் இருக்கிறது இந்த ஊர். ஆற்றுக்கு அணியாக இருப்பதால் 'ஆரணி' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் வாங்கிய ஊர் இது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ஒரு சனி, ஞாயிறு போதும்.

வீடே பட்டறை

ஆரணியிலும் சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் காதுக்குத்தான் வேலை. திறந்திருக்கும் கதவுகளுக்குள்ளிருந்து 'சடக்... சடக்' என்று சத்தம் வரும். பிள்ளைகள் ஏதோ தொழிற்சாலையை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். இங்கே தறி இருப்பது வீட்டின் கூடத்தில்.

தரையில் ஒரு குழி. அதில் கால்களை இறக்கி உட்கார்ந்து மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறார் நெசவாளர். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகள் பாவு. குறுக்கே போவது ஊடை. ஊடை நூலைச் சுமந்து இடமும் வலமும் ஓடுகிற சின்னப் படகு போன்ற கட்டைதான் நாடா. அதற்குள் வைக்கிற குழலில் நூல் சுற்றுவதற்குத் தார் சுற்றுதல் என்று பெயர். அதை வீட்டிலிருக்கும் பாட்டியோ அம்மாவோ ராட்டையில் செய்துகொண்டிருப்பார்கள். தறியில் உட்காருபவர் ஒருவர்தான் என்றாலும் ஒரு சேலைக்குள் குடும்பம் முழுவதன் உழைப்பும் இருக்கிறது.

ஒரு பாவு தீர்ந்து அடுத்தது வந்ததும், பழைய பாவின் நுனியோடு புதியதை இழைக்கு இழை முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒன்று இரண்டல்ல, ஆயிரக்கணக்கான இழைகள். வீடியோ கேமில் ஒரு கட்டம் தாண்ட ஐந்து நிமிடம் ஆனாலே அலுத்துக்கொள்ளும் பையன்கூட இங்கே கொஞ்ச நேரம் வாயடைத்து நிற்பான்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

"இந்த நூல் எங்கிருந்து வருது?" இது பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி. கச்சாப் பட்டு பெருமளவு கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை குஜராத்தின் சூரத்திலிருந்தும் வருகிறது. பட்டுப்புழு சுமார் 25 முதல் 28 நாள் மல்பெரி இலையைத் தின்று வளர்ந்து, பிறகு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. ஒரு கூட்டிலிருந்து ஏறக்குறைய 600 முதல் 900 மீட்டர் இழை கிடைக்கும். கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக் கோட்டை ஒரு சுற்றுக்கு மேல் சுற்றிவிடலாம்!

"அப்போ புழு என்ன ஆகும்?" அடுத்த கேள்வி இதுதான். பெற்றோர்கள் மழுப்ப வேண்டாம். இழை அறுந்துவிடாமல் இருக்கக் கூட்டை வெந்நீரில் போடுகிறார்கள், புழு செத்துவிடும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். இதைக் கேட்டுவிட்டுச் சில பிள்ளைகள் பட்டுப் பாவாடை வேண்டாம் என்று சொல்லலாம். சொல்லட்டும், அதுவும் இந்தப் பயணத்தில் கற்றுக்கொண்டதுதான்.

தறிக்கு மேலே சங்கிலி போலக் கோத்த அட்டைகள் தொங்கும். ஜக்கார்டு என்பது இதுதான். பிரான்ஸின் லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய முறை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் அதற்குரிய இழை மேலே எழும், துளை இல்லாவிட்டால் எழாது. இப்படி ஒவ்வோர் அட்டையாகப் புரளப் புரள சேலையில் மயிலும் மாங்காயும் விழுகின்றன. இந்தத் துளை அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கும் துளை அட்டைகளைத் திட்டமிட்டார். பிள்ளையின் கையிலிருக்கும் செல்போனுக்குத் தறி ஒரு கொள்ளுத்தாத்தா மாதிரி.

தறியில் உட்கார்ந்த பிள்ளைகள்

வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளுக்கு வயதுக்கேற்றபடி சொல்ல வேண்டிய இன்னொரு கதையும் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு காஞ்சிபுரம், ஆரணி போன்ற பட்டு ஊர்களில் பள்ளிக்குப் போக வேண்டிய வயதுப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்திருந்தார்கள். கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பிஞ்சு விரல்கள் தேவைப்பட்டன. வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய வீடுகளும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. சட்டத்தோடு பள்ளிகளும், மதிய உணவும், பலரின் விடாமுயற்சியும் சேர்ந்துதான் அந்த நிலையை மெல்ல மெல்ல மாற்றின.

இன்று நெசவாளர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகிறது, கல்லூரிக்குப் போகிறது, சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறது. "என்னோட இது போதும், பையன் தறியில உட்கார வேணாம்" என்று நினைக்கும் பெற்றோர் நெசவாளர் தெருக்களில் ஏராளம். கூலி சேலைக் கணக்கில்தான். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குச் சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் தறி நிற்கும், தறி நின்றால் கூலியும் நிற்கும். போதாக்குறைக்கு விசைத்தறியின் போட்டி. சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. ஆனாலும் சந்தையில் கைத்தறி எது, விசைத்தறி எது என்று வாங்குகிறவருக்குச் சுலபத்தில் தெரிவதில்லை.

சுற்றுலா வரும் அப்பா அம்மா, "இந்தக் கலை அழியக் கூடாது" என்கிறார்கள். தறியில் இருக்கும் அப்பா அம்மா, "என் பிள்ளைக்கு இது வேண்டாம்" என்கிறார்கள். இரண்டுமே பிள்ளைப் பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால், தறியை விடக் கூடாது என்று நெசவாளருக்குப் புத்தி சொல்லும் உரிமை, நியாயமான விலை கொடுத்து வாங்கத் தயங்குகிறவருக்கு இல்லை.

கோட்டை, மாளிகை, மலை

மதியச் சாப்பாட்டுக்கு யோசிக்க வேண்டியதே இல்லை. சீரகச் சம்பா அரிசியும் கத்தரிக்காய்த் தொக்குமாக ஆரணி பிரியாணி சுற்றுவட்டாரத்தில் பெயர்பெற்றது.

வெயில் தாழ்ந்ததும் கோட்டைப் பகுதிக்குப் போகலாம். 1751-ல் ராபர்ட் கிளைவின் படை, பிரெஞ்சு உதவியோடு வந்த ராசா சாகிப்பின் படையைத் தோற்கடித்தது ஆரணிக்கு அருகில்தான். 1782-ல் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதியதும் இங்கேதான். பூசிமலைக்குப்பத்தில் ஆரணி ஜாகீர்தார்கள் கட்டிய மாளிகை சிதிலமாக நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பது நல்லது. இடிந்த மாடிகளில் பிள்ளைகளை ஏறவிட வேண்டாம்.

மறுநாள் காலை வடமாதிமங்கலம் அருகிலுள்ள திருமலை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையின் பெயரைத் தாங்கிய சமணக் கோயில் இங்கே இருக்கிறது. பாறையில் செதுக்கிய 16 அடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள நேமிநாதர் சிலையை அண்ணாந்து பார்த்தால் பிள்ளைகளின் கழுத்து வலிக்கும். நேரம் இருந்தால் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கும் போய்வரலாம். ஜமதக்னி முனிவர், ரேணுகா தேவி கதையையும், ஆற்றுக்குக் கமண்டலத்தின் பெயர் வந்த கதையையும் அங்கே தாத்தா பாட்டி சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

ரயிலில் வருகிறவர்கள் விழுப்புரம் - காட்பாடி பாதையில் களம்பூரிலுள்ள ஆரணி ரோடு நிலையத்தில் இறங்கி, சாலை வழியாக ஊருக்குள் வர வேண்டும். ஆனால் காரும் பேருந்தும்தான் வசதி.

தறி இருப்பது ஒருவரின் வீடு. "உள்ளே வரலாமா அக்கா?" என்று கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே செருப்பைக் கழற்ற வேண்டும். படம் எடுப்பதற்கு முன்பும் கேட்க வேண்டும். பாவைப் பிள்ளைகள் தொடக் கூடாது. ஓர் இழை அறுந்தால் அதை முடிந்து சரிசெய்யும் நேரம் நெசவாளருடையது. முன்பே கூட்டுறவுச் சங்கத்திலோ தெரிந்த கடையிலோ சொல்லிவிட்டுப் போனால் இரு பக்கமும் சங்கடம் இல்லை.

வாங்கும்போது பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓரத்து இழை ஒன்றைக் கேட்டு வாங்கி எரித்துப் பார்க்கலாம். உண்மையான பட்டு, முடி கருகும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகிவிடும்.

வியட்நாம் எங்கும் போய்விடாது. அடுத்த கோடையிலோ அதற்கடுத்த கோடையிலோ போகலாம். ஆரணியைப் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளை வான் ஃபுக் தறியின் முன்னால் நிற்கும்போது வெறும் படத்துக்காக நிற்காது. "இந்த அக்காவுக்கு ஒரு சேலைக்கு என்ன கூலி கிடைக்கும்?" என்று கேட்கும்.