சாவி அசகாவில், சொந்தக்காரர் டில்லியில்

கோவாவின் பழைய கிராமங்களில் வாடகைக்காகவே வாங்கப்படும் வில்லாக்கள் பெருகிவிட்டன. வாங்கியவர்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால். ஊரில் இருப்பது கேர்டேக்கரும் கேட்டும் கிணறும்தான்.

மழைக்காலத்தில் வட கோவாவின் அசகாவ் கிராமத்தில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. வில்லாவின் மாடி அறையில் கேர்டேக்கர் செல்போனைச் சுவரோடு சுவராக நகர்த்திக்கொண்டே போகிறார். மறுமுனையில், டில்லியிலோ குர்கானிலோ ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி, வீட்டின் சொந்தக்காரர். இந்த மூலையைக் காட்டு, அந்த அலமாரிக்குப் பின்னால் காட்டு என்று உத்தரவு வந்தபடி இருக்கிறது. பெயின்ட் உப்பியிருப்பது தெரிகிறது. கருப்பாகப் பூசணம் படர்ந்திருப்பதும் தெரிகிறது. மூடிய அறையில் மெத்தை பிடித்துக்கொண்ட வாடை மட்டும் போனில் தெரிவதில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்று கேர்டேக்கர்தான் முடிவு செய்ய வேண்டும். சொன்னால் வேலை கூடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கோவா கடற்கரையில் ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. ஆள் புழங்காத வீட்டை இந்த மழை சும்மா விடாது. அந்தக் காலத்துக்காரர்களுக்கு இது தெரியும். மே மாதமே ஓட்டைப் பிரித்து அடுக்கினார்கள், தென்னங்கீற்றைப் பின்னி மண்சுவர்களுக்குத் தட்டி கட்டினார்கள், விறகையும் கருவாட்டையும் உள்ளே ஏற்றினார்கள். முக்கியமாக, வீட்டிலேயே இருந்தார்கள்.

அசகாவ் பார்தேஸ் தாலுகாவில், அஞ்சுனா கடற்கரைக்குப் பின்னால், குன்றுச் சரிவில் இருக்கிற ஊர். பூக்களின் கிராமம் என்று பெயர். சுற்றுலாக் கூட்டம் பாகாவையும் கலங்கூட்டையும் மொய்த்த காலத்தில் இங்கே பெரும்பாலும் எருமைகளும் பாதிரியாரும் ரொட்டிக்கார சைக்கிளும்தான். இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்துகள். செம்புரைக்கல் மதில்கள். மதிலுக்குப் பின்னே போர்த்துகீசியர் காலத்து வீடுகள்: கண்ணாடிக்குப் பதில் சிப்பி ஓட்டைச் சீவிப் பதித்த ஜன்னல்கள், வாசலில் எதிரெதிராக இரண்டு கல் ஆசனங்கள் கொண்ட ‘பல்காவ்’. நம் ஊர்த் திண்ணைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். சாயங்காலம் அதில் உட்கார்ந்தால் தெருவில் போகிற அத்தனை பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். புதிய வில்லாக்களில் பல்காவ் உண்டு. அது போட்டோ எடுத்துக்கொள்ள. இடையில் பத்தடி உயரக் கேட் வந்துவிட்டதால் தெருவோடு பேச்சுவார்த்தை இல்லை. கேட்டில் சாவித்துவாரத்துக்குப் பதில் எண் பலகை. வாடகைக்கு வருகிறவருக்கு நாலு இலக்க எண் போனில் வந்துவிடும்.

ஆளில்லாத வீடு கோவாவுக்குப் புதிது அல்ல. இந்த மண்ணின் பிள்ளைகள் பல தலைமுறைகளாகவே வெளியே போய்ப் பிழைத்தவர்கள். பம்பாய், கராச்சி, மொம்பாசா, நைரோபி, லிஸ்பன், பிறகு வளைகுடா, கப்பல் வேலை. 1961 டிசம்பர் 19ம் தேதி கோவா விடுதலை பெறுவதற்கு முன் இங்கே பிறந்தவர்களும் அவர்களது வாரிசுகளும் போர்த்துகீசியக் குடியுரிமைக்கு வழி தேடிக்கொள்ள முடிந்ததால், இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரம் வரை கோவாக்காரர்கள் பரவினார்கள். பூட்டிய வீட்டில் தாத்தாவின் படமும் கறையானும் மிஞ்சின. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியாமல் ஓடு சரிந்து நிற்கும் வீடுகளைப் பார்தேஸ் முழுக்கப் பார்க்கலாம்.

இந்த வீடுகள்மீது முதலில் கண் வைத்தவர்கள் பம்பாய்க் கலைஞர்களும் எழுத்தாளர்களும். அவர்கள் வந்து தங்கினார்கள். 2000க்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்களும் ரஷ்யர்களும் வாங்க ஆரம்பித்தனர். இந்தியாவில் வசிக்காத வெளிநாட்டவர் இங்கே வீடு வாங்க 1999ம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தரவில்லை. டூரிஸ்ட் விசாவில் வந்து பத்திரம் பதிந்தவர்கள் பலர் அமலாக்கத் துறையின் விசாரணைக்குள் மாட்டிக்கொண்டார்கள். 2020ல் கொரோனா ஊரடங்கு வந்தது. ஆபீஸை லேப்டாப்பில் மூடி எடுத்துக்கொண்டு டில்லியும் மும்பையும் பெங்களூரும் கோவாவுக்குக் கிளம்பின. 2023 ஜனவரியில் மோப்பாவின் புதிய விமான நிலையத்திலிருந்து விமானங்கள் பறக்க ஆரம்பித்ததும் வட கோவா மேலும் பக்கத்தில் வந்துவிட்டது. ஆபீஸ்கள் திறந்தன, வந்தவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். ஆனால் ஆசை போகவில்லை. நாம் இல்லாதபோது வீடு சம்பாதிக்கட்டுமே என்று தோன்றியது.

அந்தச் சம்பாத்தியக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, நீச்சல் குளத்தோடு 5 கோடி ரூபாய்க்கு ஒரு வில்லா. ஓர் இரவுக்கு வாடகை 25,000 ரூபாய். விற்பவர் காட்டும் தாளில் ஆண்டுக்கு 200 இரவுகள் நிரம்பும். 50 லட்சம் வரும், அதாவது போட்ட பணத்துக்குப் பத்து சதவீதம். கேட்க இனிக்கிறது. ஆனால் சீசன் என்பது அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அதிலும் சனி ஞாயிறும் கிறிஸ்துமஸ் வாரமும்தான் முழுசாக நிற்கும். 120 இரவுகள் என்று வைத்தால் 30 லட்சம். விருந்தினரைப் பிடித்துக் கொடுத்து, படுக்கை விரித்து, புகார் கேட்கும் நிர்வாகக் கம்பெனிக்குக் கால் பங்கு: ஏழரை லட்சம். கேர்டேக்கர், தோட்டக்காரர், குளத்து மருந்து, ஏ.சி. ஓடும் கரன்ட் பில், தண்ணீர் லாரி, மழை முடிந்ததும் மறுபடி பெயின்ட் என்று ஓர் எட்டு லட்சம் போனால் கையில் நிற்பது பதினாலரை லட்சம். மூன்று சதவீதத்துக்கும் குறைவு, வரிக்கு முன்னால். பாங்கில் போட்டால் இதைவிடக் கூடுதல் வட்டி, பூசணமும் பிடிக்காது. மனை விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கைதான் மிச்சக் கணக்கை நிரப்புகிறது. பார்ட்டியில் ‘எங்கள் கோவா வீடு’ என்று சொல்லிக்கொள்ள முடிவதற்கும் ஒரு விலை உண்டு. அதை யாரும் தாளில் எழுதுவதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. வீட்டில் போய் இருக்க ஆசைப்படும் நாட்கள்தான் வாடகை உச்சத்தில் இருக்கும் நாட்கள். டிசம்பர் கடைசி வாரம் சொந்தக்காரர் தங்கினால் ஆண்டு வருமானத்தில் பெரிய துண்டு போயிற்று. ஆகவே அவர் ஜூலையில் வருகிறார், ஒழுகும் இடத்தைப் பார்க்க.

ஏன் மாத வாடகைக்கு ஒரு குடும்பத்தை வைக்கக் கூடாது? பயம். வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற விடாத 1968ம் ஆண்டின் கட்டட வாடகைச் சட்டம் கோவாவில் பிரசித்தம். 11 மாத லைசென்ஸ் ஒப்பந்தம் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கோர்ட்டுக்கு அலைய யாருக்கும் தெம்பில்லை. மூன்று இரவு தங்கிப் போகிறவர் பாதுகாப்பு. இப்படி நாள் வாடகைக்கு விடும் வீடுகளும் 1982ம் ஆண்டின் சட்டப்படி சுற்றுலாத் துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்யாதவை ஏராளம். விளைவு, அசகாவிலோ சியோலிமிலோ உள்ள பள்ளி ஆசிரியைக்கு மாத வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

சொந்தக்காரர் இல்லாத வீட்டை யார் ஆள்கிறார்? கொங்கணியில் நிலச்சுவான்தாருக்கு ‘பாட்கார்’ என்று பெயர். அவரது நிலத்தில் அவர் சம்மதத்தோடு குடிசை போட்டு, தோப்பைப் பார்த்துக்கொண்டு, தேங்காய் திருடு போகாமல் காத்தவர் ‘முண்ட்கார்’. பாட்கார் பம்பாயிலும் லிஸ்பனிலும் இருந்த காலத்தில் முண்ட்கார்தான் நிலத்தின் காவல். 1975ல் வந்த சட்டம், குடியிருப்பவனை வெளியேற்ற முடியாது, வீட்டையும் சுற்றியுள்ள மண்ணையும் அவனே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. தூரத்திலிருந்து உடைமையாளனாக இருப்பதில் உள்ள ஆபத்தைக் கோவா அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டமாக எழுதி வைத்திருக்கிறது.

இன்றைய கேர்டேக்கர் அந்த வரிசையில் வருவதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வளாகத்தில் தங்கும் வேலைக்காரரும் காவலாளியும் முண்ட்கார் ஆகமாட்டார்கள் என்று அதே சட்டம் விலக்கிவைத்திருக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்த வக்கீல்கள் சம்பளத்தைப் பாங்க் மூலமே கொடுங்கள் என்று புது முதலாளிகளுக்குச் சொல்வார்கள். கேர்டேக்கர்களில் நிறைய பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், நேபாளம், வட கர்நாடகம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களுக்கும் இது வெளியூர். டில்லிக்காரரின் ஐந்து கோடி, மாதம் சில ஆயிரங்கள் சம்பளம் வாங்கும் இந்த ஒருவரின் நாணயத்தில் தொங்குகிறது. ஒரு நாள் இவர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால், குளம் ஒரு வாரத்தில் பச்சையாகிவிடும்.

பத்திரம் விஷயத்தில் ஆபத்து இன்னும் ஆழம். 1867ம் ஆண்டின் போர்த்துகீசிய சிவில் சட்டத்தின் சாயல் கோவாவின் குடும்பச் சொத்துகள்மீது இன்றும் இருக்கிறது. திருமணமானால் பொதுவாகக் கணவன் மனைவி இருவருக்கும் சொத்தில் சரிபாதி. இருவரும் கையெழுத்துப் போடாமல் வீடு கைமாறாது. பிள்ளைகளை ஒதுக்கிவிட்டுச் சொத்து முழுவதையும் உயில் எழுதவும் முடியாது. மூன்று தலைமுறை பிரியாத ஒரு வீட்டுக்கு நைரோபியில் இரண்டு பேர், லண்டனில் நாலு பேர், இங்கே ஒரு கிழவி என்று வாரிசுகள் இருப்பார்கள். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் வில்லா வழக்காகிவிடும்.

வராத சொந்தக்காரரின் நிலம் திருடனுக்கும் வசதி. போர்த்துகீசியர் காலத்துப் பத்திரங்கள் என்று போலிகளைத் தயார் செய்து, வெளிநாட்டில் இருப்பவர்களின், வாரிசு இல்லாமல் இறந்தவர்களின் நிலங்களை விற்ற கும்பல்கள் பிடிபட்டன. 2022 ஜூனில் மாநில அரசு இதற்கென்றே சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி வி.கே. ஜாதவ் தலைமையில் விசாரணைக் கமிஷனும் வந்தது. நிலத்தைக் கண்ணால் பார்க்காமல் விட்டவர் இழந்தார். கண்ணால் பார்க்காமல் வாங்கியவரும் இழந்தார்.

2024 ஜூனில் அசகாவிலேயே, ஆட்கள் குடியிருந்த ஒரு வீட்டின் ஒரு பகுதி ஜே.சி.பி. வைத்து இடிக்கப்பட்டது. நிலத்தை வாங்கியதாகச் சொன்ன தரப்புக்கும் குடியிருந்தவர்களுக்கும் இடையிலான தகராறு அது. கூடவே பவுன்சர்கள் வந்தது ஊரை உலுக்கிவிட்டது. விவகாரம் போலீஸின் உச்சி வரை போனது. பத்திரம் கையில் இருப்பவருக்கும் படுக்கை உள்ளே இருப்பவருக்கும் நடுவில் ஊர் எந்தப் பக்கம் நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்கு வேறு கணக்குகளும் உண்டு. வேனிற்காலத்தில் பார்தேஸில் குழாய் காற்று விடும்போது வில்லாக்களின் நீச்சல் குளத்துக்கு லாரியில் தண்ணீர் போகிறது. அது யாரோ ஒருவரின் கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீர். வார இறுதியில் விருந்தினர் விட்டுப்போகும் குப்பை பஞ்சாயத்தின் தலையில். ஞாயிற்றுக்கிழமை கிராம சபை கூடுகிறது. குன்றை வெட்டாதே, வயலில் கட்டாதே என்று கூச்சல் போடுகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். வில்லாச் சொந்தக்காரர்களில் பலர் அங்கே வருவதே இல்லை, வந்து வாக்களிக்க அவர்களின் பெயர் அந்த ஊர்ப் பட்டியலில் இல்லை. இதையும் சொல்லியாக வேண்டும்: இடிந்து விழ இருந்த பல பழைய வீடுகளுக்கு ஓடு மாற்றி, சிப்பி ஜன்னலைத் தேடிப் பதித்து நிமிர்த்தியது வெளியூர்ப் பணம்தான். விற்றவர்களும் உள்ளூர்க் குடும்பங்களே, நல்ல விலைக்கு.

ஜூன் 24 புனித யோவான் திருநாள். சியோலிமில் அலங்காரப் படகுகள் வரும். பூவும் இலையும் கொண்டு கட்டிய ‘கோப்பேல்’ வளையத்தைத் தலையில் சூடிய இளைஞர்கள் மத்தளமும் தாளமும் தட்டி வீடு வீடாகப் போகிறார்கள். புது மாப்பிள்ளை இருக்கும் வீட்டில் பழமும் ஃபெனியும் கிடைக்கும். நிரம்பிய கிணற்றைக் கண்டால் தொபுக்கென்று குதிப்பார்கள். யார் வீட்டுக் கிணறு என்று யாரும் கேட்பதில்லை. அசகாவின் சந்தில் வரும் கூட்டம் எண் பலகை வைத்த கேட்டுக்கு முன்னால் கொஞ்சம் தயங்குகிறது. உள்ளே கிணறு இருக்கிறது, தெரியும். தாத்தா காலத்தில் குதித்த கிணறு. கேர்டேக்கர் கம்பி வழியாகப் பார்க்கிறார். திறக்கலாமா என்று டில்லிக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. தாளம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுகிறது.