ராஜ்ஷாஹிக்காரர் மகள்

மார்கரீட்டா மாமுன் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அங்கே 2016 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை பிற்பகல். சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஞாயிறு விடிய இன்னும் சில மணி நேரம் இருந்தது. வேறெந்தக் கிழமையில் அந்தச் செய்தி வந்திருந்தாலும் இந்தத் தெருக்களில் அதற்கு இவ்வளவு வரவேற்பு இருந்திருக்காது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் டெஸ்கர் ரோடும் ரோவெல் ரோடும் லெம்பு ரோட்டுத் திடலும் பங்ளாதேஷ்காரர்களின் ஊராக மாறும். தீவின் ஓரங்களில் இருக்கும் விடுதிகளிலிருந்து பேருந்து பிடித்து வருவார்கள். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நீளும். இலிஷ் மீன் வறுக்கும் வாசனை சையது ஆல்வி ரோடு வரைக்கும் வரும்.

அது சிங்கப்பூருக்கே பெரிய மாதம். எட்டு நாளுக்கு முன்புதான் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 விநாடியில் முடித்து, மைக்கேல் ஃபெல்ப்ஸையே பின்னுக்குத் தள்ளி, நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பேச்சே தேக்காவில் இன்னும் ஓயவில்லை. அதற்குள் இந்தப் பங்ளாதேஷ்காரர்களுக்கு அவர்களுடைய தங்கம். அதுவும் ரஷ்யக் கொடியின் கீழ் வென்ற தங்கம். பங்ளாதேஷ் இன்றுவரை ஓர் ஒலிம்பிக் பதக்கமும் வாங்கியதில்லை; பதக்கமே காணாத நாடுகளில் மக்கள்தொகை மிகுந்தது அதுதான். ஆனால் அன்று டாக்காவிலும் கொண்டாடினார்கள், இங்கேயும் கொண்டாடினார்கள். தங்கம் வென்ற பெண்ணின் அப்பா ராஜ்ஷாஹிக்காரர்.

மார்கரீட்டா தங்கம் வென்ற ரித்மிக் ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற விளையாட்டின் மேல் எனக்கு ஆசை வந்தது இந்த ஊரில்தான். 2010 ஆகஸ்டில் முதல் இளையர் ஒலிம்பிக் சிங்கப்பூரில் நடந்தது. எங்கள் வட்டாரத்து ஆட்கள் எல்லாரும் காற்பந்து பார்க்க ஜாலான் புசார் அரங்கத்துக்குப் போனார்கள். நான் பீஷான் விளையாட்டு மண்டபத்துக்குப் போனேன். பதின்மூன்று மீட்டர் சதுர விரிப்பு. ஒரு பெண். ஒன்றேகால் நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை இசை. கையில் ஒரு வளையமோ பந்தோ. பரதம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் முதலில் பிடிபடுவது பார்வையின் வேறுபாடு. பரதத்தில் கை போகும் இடத்துக்குக் கண் போகிறது. இங்கே பந்தை மேலே எறிந்துவிட்டு, தரையில் உருண்டு எழுந்து, அதைப் பார்க்காமலே முதுகுப் பக்கம் பிடிக்க வேண்டும். கண்ணில் படாமல் பிடித்தால் மதிப்பு கூடும். ரிப்பன் ஆறு மீட்டர் நீளம். ஆட்டம் முடியும்வரை அது அசைந்துகொண்டே இருக்க வேண்டும், முடிச்சு விழுந்தால் புள்ளி போகும். மண்டபத்துக் குளிர்சாதனக் காற்று தப்பான பக்கமிருந்து வீசினாலே போதும், ரிப்பன் சுருண்டுவிடும். கிளப் எனப்படும் இரட்டைக் கட்டைகள்தான் இருப்பதிலேயே பொல்லாதவை. ஒன்று கை தப்பினால் மற்றது கையில் இருந்தும் பயனில்லை.

அன்று பீஷானில் தங்கம் வென்றவர் அலெக்சாண்ட்ரா மெர்குலோவா. ரஷ்யப் பெண், பதினைந்து வயது நிரம்பாதவர். அவ்வளவு நிதானத்தை அந்த வயதில் நான் யாரிடமும் பார்த்ததில்லை. அவரைப் போலவே 1995 நவம்பரில் பிறந்த இன்னொரு பெண்ணும் ரஷ்யாவில் இருந்தார். சிங்கப்பூருக்கு அவரை யாரும் அனுப்பவில்லை. அவர்தான் மார்கரீட்டா. ஆறு ஆண்டு கழித்து ரியோவுக்குப் போனது அவர். மெர்குலோவா பெரியவர்களுக்கான ஒலிம்பிக் மேடையை எட்டவே இல்லை. ரஷ்யாவில் இந்த விளையாட்டில் அவ்வளவு பெண்கள், ஒலிம்பிக்கில் தனியாட்டத்துக்கு ஒரு நாட்டுக்கு இரண்டே இடங்கள். சிட்னியில் பார்சுகோவா, ஏதென்ஸில் கபாயேவா, பெய்ஜிங்கிலும் லண்டனிலும் கனாயேவா என்று 2000 முதல் ரியோ வரை தங்கம் ரஷ்யாவை விட்டுப் போனதே இல்லை. அந்த வரிசையின் பின்னால் பெயர் வெளியே வராமல் நின்றுபோனவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மார்கரீட்டாவின் அப்பா அப்துல்லா அல் மாமுன் கப்பல் பொறியாளர். ராஜ்ஷாஹிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து படிப்புக்காக சோவியத் நாட்டுக்குப் போனவர். அங்கே ஆன்னா என்ற பெண்ணை மணந்தார். ஆன்னாவும் ஒரு காலத்தில் ரித்மிக் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவர்தான். மாஸ்கோவில் பிறந்த மகள் ஏழு வயதில் பயிற்சிக்குப் போனாள். சிறுமியாக இருந்தபோது கொஞ்ச காலம் பங்ளாதேஷ் பெயரிலும் போட்டியில் இறங்கியிருக்கிறாள். பிறகு ரஷ்யா என்று முடிவானது. அதில் நான் குறை காண மாட்டேன். பயிற்சி, மண்டபம், ஆசிரியர், மருத்துவர் எல்லாம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விளையாட முடியும்.

அவரைப் பயிற்றுவித்த அமினா ஸரிபோவா உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்தவர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நான்காவது இடம். மூன்று பேருக்குப் பதக்கம் போட்டு முடித்தபின் நிற்கிற இடம் அது. அதே உஸ்பெக் மண்ணில் வளர்ந்த இரினா வினர் அப்போது அணிக்குத் தலைமை வகித்தார். கபாயேவாவையும் கனாயேவாவையும் உருவாக்கிய கை அவருடையது. மாஸ்கோவுக்கு வெளியே நோவோகோர்ஸ்க் பயிற்சி மையத்தில் அவர் சொல்தான் சட்டமாக இருந்தது. ஆக, ரஷ்யாவின் தங்கம் என்று நாம் சொல்வதில் தாஷ்கந்துக்கும் ராஜ்ஷாஹிக்கும் நிறையப் பங்கு உண்டு. வினர்தான் மார்கரீட்டாவை வங்கப் புலி என்று அழைத்தவர்.

ரியோவுக்கு முந்தைய மாதங்களை போலந்து இயக்குநர் மார்த்தா ப்ரூஸ் ஆவணப்படமாக எடுத்தார். ‘ஓவர் தி லிமிட்’ என்று பெயர், 2017இல் வெளிவந்தது. அதைப் பார்த்தவர்கள் யாரும் எளிதில் மறக்க மாட்டார்கள். வினர் அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் வைது நொறுக்குகிறார். மார்கரீட்டா பதில் பேசுவதில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டு வளையத்தை எடுக்கிறார். அப்பாவுக்குப் புற்றுநோய் என்பதும் அந்தப் படத்துக்குள்ளேயே தெரியவருகிறது. அந்தத் துயரத்துக்கு நடுவிலும் பயிற்சி நிற்கவில்லை. தங்கம் வந்துவிட்டது, எனவே அந்த முறை சரி என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. இருபது வயதுப் பெண்ணை அழவைத்துத்தான் ஒரு பதக்கம் வரும் என்றால் அந்தப் பதக்கம் வராமலே இருக்கட்டும். மார்கரீட்டாவின் ஆட்டத்தில் இருந்த மென்மை வசவிலிருந்து வந்தது என்று நான் ஒருபோதும் நம்ப மாட்டேன். அது வசவைத் தாண்டி அவரிடம் மிஞ்சியிருந்த ஒன்று.

ரியோவில் அவர்தான் வெல்வார் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை. அணித்தோழி யானா குத்ரியாவ்ட்சேவா 2013, 2014, 2015 என மூன்று ஆண்டும் உலக சாம்பியன். கடைசி இரண்டு முறையும் அடுத்த இடம் மார்கரீட்டாவுக்கு. ஒலிம்பிக்கிலும் வளையம், பந்து என இரண்டு சுற்று முடிந்தபோது யானா 38.475, மார்கரீட்டா 38.200. மூன்றாவது கிளப். யானாவின் ஆட்டம் முடிய ஓரிரு விநாடிதான் பாக்கி. மேலே எறிந்த கட்டை கைக்கு வரவில்லை, தரையில் விழுந்தது. 17.883. அதே சுற்றில் மார்கரீட்டாவுக்கு 19.050. கடைசிச் சுற்றான ரிப்பனில் மார்கரீட்டா 19.233 எடுத்தார், யானா அதைவிட ஒரு துளி அதிகமாகவே எடுத்தும் இடைவெளியை மூட முடியவில்லை. முடிவில் 76.483க்கு 75.608. மூன்றாவது உக்ரேனின் கன்னா ரிஸத்தினோவா. யானாவின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நான் அந்தக் காட்சியை ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

அன்று ஞாயிறு பிற்பகல் ரோவெல் ரோட்டு வங்காளக் கடை ஒன்றில் தேநீருக்குப் போயிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். திரையில் ரிப்பன் சுழன்றுகொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும் தொலைபேசியை என் பக்கம் திருப்பினார்.

“அண்ணே, பாருங்க. எங்க ராஜ்ஷாஹிப் பொண்ணு. கோல்டு!”

நல்ல தமிழ். கட்டுமானத் தளங்களில் நம் ஊர் மேற்பார்வையாளர்களோடு வேலை பார்த்துப் பல பங்ளாதேஷ்காரர்கள் தமிழ் கற்றுக்கொள்கிறார்கள். தம்பி, எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கும் என்று சொல்லி, மார்கரீட்டாவின் அப்பா படிக்கப் போன கதை, அம்மா ரஷ்யப் பெண் என்ற கதை எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மற்றவர்களுக்கு அவர் வங்காளத்தில் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்:

“அண்ணே, அவரு அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டாரா? பெர்மிட்ல விட்டாங்களா?”

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த வெளிநாடு இதுதான். இங்கே வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்துவந்து வைத்துக்கொள்ள முடியாது. சிங்கப்பூர்ப் பெண்ணை மணக்க வேண்டுமென்றால் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். அவருடைய மகளுக்கு அப்போது ஆறு வயது. அந்தக் குழந்தைக்கு அப்பா என்பவர் பெரும்பாலும் இரவு நேரத்துக் காணொளி அழைப்பு.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. மார்கரீட்டாவைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ எழுதினார்கள். உடல்வாகு, அழகு, ரத்தக்கலப்பு, ரஷ்ய ஒழுக்கம். அந்தத் தம்பி ஒரே கேள்வியில் அடியைத் தொட்டுவிட்டார். ராஜ்ஷாஹியிலிருந்து போன ஒருவரை ஒரு நாடு குடும்பம் நடத்த விட்டது. அதனால் அங்கே ஒரு மகள் பிறந்தாள், ஏழு வயதில் பயிற்சி மண்டபத்துக்கு நடந்து போனாள். அந்த நாட்டின் வேறு பல காரியங்களை நான் ஏற்கமாட்டேன். இதை மறுக்க முடியாது. சிங்கப்பூருக்கும் இது தெரியாததல்ல. 2008 பெய்ஜிங்கில் மேசைப்பந்து வெள்ளி வாங்கித் தந்த மூன்று பெண்களும் சீனாவில் பிறந்து இங்கே குடிவந்தவர்கள். திறமையைத் தேடி அழைத்துவந்து குடியமர்த்தினோம், பெருமைப்பட்டோம், அதில் தவறே இல்லை. ஆனால் கிரேனுக்கடியில் நிற்பவரின் மகளிடம் என்ன திறமை இருக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பையே நாம் வைத்துக்கொள்ளவில்லை. அவள் இங்கே இல்லை.

தமிழர்களாகிய நாம் இதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ள வேண்டும். சிராங்கூன் சாலைப் பக்கம் நம்மில் முதலில் வந்தவர்களில் மிகப் பலர் தனி ஆண்கள். மாட்டுக் கொட்டிலிலும் சாலை வேலையிலும் துறைமுகத்திலும் கிடந்து, ஊருக்குப் பணம் அனுப்பிக் காலம் கழித்தவர்கள். பெண்களும் பிள்ளைகளும் வந்து வீடென்று ஒன்று அமைந்தது பிற்பாடு. அதற்கும் பிறகுதான் சி. குணாளன் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடி, 2001 வரை யாரும் உடைக்க முடியாத சாதனையை சிங்கப்பூருக்கு வைத்துவிட்டுப் போனார். அது 1968. இன்றைக்கும் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் எங்கள் புளோக்கில் இருக்கிறார்கள்.

மார்கரீட்டா தங்கத்தோடு வீடு திரும்பி ஒரு வாரம்கூட நிறையவில்லை, அப்பா இறந்துவிட்டார். மகள் வென்றதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது ஒரு பெரும் ஆறுதல். அதே வாரத்தில் இங்கே முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதன் காலமாகி, நாங்கள் எல்லாரும் அந்தத் துக்கத்தில் இருந்தோம். மார்கரீட்டாவின் அப்பாவுக்கு நோய் முற்றியிருந்ததைப் பற்றி அந்தத் தம்பி முன்னமே படித்திருந்தார். இறந்த செய்தியையும் அவர்தான் எனக்குச் சொன்னார், டெஸ்கர் ரோட்டு முனையில் நின்று. அடுத்த ஆண்டு மார்கரீட்டா நீச்சல் வீரர் அலெக்சாண்டர் சுகோருகோவை மணந்தார், விளையாட்டிலிருந்தும் விலகினார். இருபத்திரண்டு வயது. அந்த விளையாட்டில் அதுவே நீண்ட காலம்.

தம்பி ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். ஈத் பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவார், நானும் தீபாவளிக்கு அனுப்புவேன். மகளை ராஜ்ஷாஹி நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்திருக்கிறாராம். கிராமத்துக்குப் பக்கத்திலேயே பள்ளி இருந்தும் ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். விளையாட்டுக்கென்று தனியாக ஓர் ஆசிரியை இருக்கிற பள்ளியாக விசாரித்துச் சேர்த்ததாகச் சொன்னார். காலையில் அவரே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார்.