2,000 பேருக்கு ஒரே குளம்!

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகர் இண்டியானாபோலிஸ், கார் பந்தயத்துக்குப் பேர்போன ஊர். 2024 ஜூனில் அது நீச்சல் ஊராகிப்போனது. அமெரிக்கக் கால்பந்து நடக்கும் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்துக்கு நடுவே தற்காலிகக் குளங்கள் கட்டி, பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டியை நடத்தினார்கள். முதல் நாள் மாலையே 20,000 பேருக்கு மேல் கூட்டம். அதே வாரத்தில், அங்கிருந்து அரை மணி நேரம் நடந்தால் வந்துவிடும் இன்னொரு குளத்தில் இன்னொரு தேசியப் போட்டி. அதில் நீந்த வந்தவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள், ரிட்டயர் ஆனவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

இதற்குப் பெயர் ‘மாஸ்டர்ஸ்’ நீச்சல். 18 வயது நிரம்பிய யாரும் சேரலாம். 18 முதல் 24 வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு. 90-ஐத் தாண்டியவர்களுக்கும் இடம் உண்டு. பெயரில்தான் மாஸ்டர், நிஜத்தில் பலரும் காலையில் குளத்தில் ஒரு மணி நேரம் நீந்திவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிறவர்கள்.

அவர்கள் நீந்தியது இண்டியானா பல்கலைக்கழக நடாட்டோரியத்தில். 1982-ல் திறந்த உள்ளரங்கக் குளம் அது. 1984, 1992, 1996, 2000 என நான்கு முறை ஒலிம்பிக் தேர்வு நடந்தது இங்கேதான். 15 வயது மைக்கேல் ஃபெல்ப்ஸ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் இரண்டாவதாக வந்து, சிட்னி ஒலிம்பிக்குக்கு டிக்கெட் வாங்கியதும் இதே தண்ணீரில். அதே லேனில் 70 வயதுக்காரர் ஒருவர் நீந்தலாம், கடைசியாகக்கூட வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மாஸ்டர்ஸ் போட்டியின் பெரிய கவர்ச்சி இதுதான். அதன் பெரிய தலைவலியும் இதுதான்.

ஆரம்பத்தில் இந்தத் தலைவலி கிடையாது. ரேன்சம் ஆர்தர் என்ற கடற்படை மருத்துவர், வயது வந்தவர்கள் உடற்பயிற்சியை விடாமல் தொடர ஒரு போட்டி இருந்தால் நல்லது என்று நினைத்தார். அப்படித்தான் 1970 மே மாதம் டெக்சஸ் மாநிலம் அமரில்லோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. வந்தவர்கள் 46 பேர். இரண்டு வேன் பிடித்தால் மொத்தக் கூட்டமும் ஊருக்குத் திரும்பிவிடலாம். இப்போதோ வசந்தகால தேசியப் போட்டிக்கு 2,000 பேர் அளவில் வருவது அதிசயமில்லை. குளம் மட்டும் வளரவே இல்லை. அதே 50 மீட்டர்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். 2,000 பேர், ஆளுக்கு ஐந்து போட்டி என்றால் 10,000 நீச்சல்கள். 50 மீட்டர் குளத்தைக் குறுக்குத் தடுப்பு வைத்துப் பிரித்தால், 25 கெஜ நீளத்தில் இரண்டு குளங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் எட்டு லேன். எட்டு எட்டுப் பேராக இறக்கினால் (இந்த எட்டுப் பேர் கூட்டத்துக்கு ‘ஹீட்’ என்று பெயர்) மொத்தம் 1,250 ஹீட். ஒரு குளத்துக்கு 625. நான்கு நாளில் முடிக்க, தினமும் ஒரு குளத்தில் 156 ஹீட் ஓட வேண்டும். ஒரு ஹீட்டுக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தாலே ஆறரை மணி நேரம் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு ஹீட்டுக்கும் 20 விநாடி வீணானால், நாளொன்றுக்கு 52 நிமிடம் போச்சு!

அந்த 20 விநாடியை எங்கே பிடிப்பது? நீந்தி முடித்தவர் மேலே ஏறி வருவதற்குள் போகும் நேரம் அது. 75 வயதில் குளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறுவது சுலபமா என்ன! அதனால் மாஸ்டர்ஸ் போட்டிகளில், முடித்தவர்கள் தண்ணீரிலேயே லேன் கயிற்றை ஒட்டி அசையாமல் இருப்பார்கள். அடுத்த ஹீட் அவர்கள் தலைக்கு மேலாகப் பாய்ந்து போகும். பிறகு சாவகாசமாக ஏறிக்கொள்ளலாம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி. பேக்ஸ்ட்ரோக்கில் மட்டும் இது நடக்காது. அதில் நீந்தப்போகிறவர்களே தண்ணீரில் இறங்கித்தான் கிளம்ப வேண்டும் என்பதால், முந்தைய ஹீட் வெளியேறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஸ்டேடியத்துக் குளத்தில் 100 மீட்டர் நீந்தும் வீரர் முதல் சுற்று, அரையிறுதி, இறுதி என்று மூன்று முறை இறங்குவார். இங்கே அந்த ஆடம்பரத்துக்கு நேரமில்லை. ஒரே முறைதான், அந்த நேரத்தை வைத்தே வயதுவாரியாகப் பரிசு. பல மாஸ்டர்ஸ் போட்டிகளில் வயதைப் பார்க்காமல், கொடுத்த நேரத்தை வைத்தே ஹீட் பிரிக்கிறார்கள். 28 வயதுக்காரரும் 68 வயதுக்காரரும் பக்கத்துப் பக்கத்து லேனில் நீந்துவார்கள். எட்டுப் பேரும் கிட்டத்தட்ட ஒன்றாக முடிப்பதால் நேரம் மிச்சம். இதில் ஒரு குறும்பும் உண்டு. தன் வேகத்தைக் கூட்டிச் சொல்லிப் பதிவுசெய்தவர் ஒருவர் வேகமான ஹீட்டில் மாட்டிக்கொண்டால், மற்ற ஏழு பேரும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும்!

போட்டியைவிட நெரிசல் அதிகம் தெரிவது காலை வார்ம்-அப்பில். தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெருவைத் தண்ணீருக்குள் வைத்தது மாதிரி இருக்கும். ஒரு லேனுக்குள் பதினைந்து, இருபது பேர். எல்லோரும் வலப்பக்கமாகப் போய் வலப்பக்கமாகவே திரும்பி, வட்டமாகச் சுற்ற வேண்டும். முன்னால் போகிறவரின் பாதம் பின்னால் வருகிறவரின் மூக்கில் இடிக்கும். அதனால் இங்கே ஒரு விதி மிகக் கண்டிப்பு. யாரும் தலைகீழாகப் பாயக் கூடாது, பாதம் முதலில் படும்படி மெதுவாக இறங்க வேண்டும். பாய்ந்து பழக ஒன்றிரண்டு லேன்களைத் தனியே ஒதுக்கி, ஒரே திசையில் மட்டும் விடுவார்கள். கூட்டத்துக்குள் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து முறியக்கூடும். அதைக் கவனிக்கவே கரையில் ஆட்கள் நிற்பார்கள்.

கரையில் நடமாடுகிறவர்களின் முன்னங்கையைப் பார்த்தால் மார்க்கர் பேனாவால் கட்டம் போட்டு எண்கள் எழுதியிருக்கும். எத்தனையாவது போட்டி, எத்தனையாவது ஹீட், எந்த லேன். தன் முறை வரும்போது பின்னால் தயாராக நிற்காவிட்டால் அவ்வளவுதான், மைல் கணக்கில் பறந்து வந்ததெல்லாம் வீண். பதிவுசெய்துவிட்டு வராமல்போகிறவர்களின் லேன்கள் காலியாகவே போகும். அந்த இடங்களை நிரப்பலாமே என்று தோன்றும். நிரப்பினால், அத்தனை பேர் கையில் எழுதிய எண்களும் மாறிப்போகும். கூச்சல் தாங்காது.

நீண்ட தூரப் போட்டிகளில் மட்டும் வேறு ஏற்பாடு. 1,650 கெஜம் நீந்த 25 கெஜக் குளத்தில் 66 நீளம் போக வேண்டும். வேகமானவர்களுக்கு 18 நிமிடம் போதும், நிதானமானவர்களுக்கு அரை மணி நேரமும் ஆகும். 200 பேர் வந்தால் 25 ஹீட். சராசரி 25 நிமிடம் என்றால் இரண்டு குளத்தையும் கொடுத்தாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல். எனவே ‘வந்துவிட்டேன்’ என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் வைத்து ஹீட்டைப் பிரிக்கிறார்கள். 1,000 கெஜம், 1,650 கெஜம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு.

இவ்வளவு செய்தும் கூட்டம் மிஞ்சினால்? சுலபமான வழி ஒன்று இருக்கிறது. தகுதி நேரம் என்று ஒன்றை வைத்து, அதற்குள் நீந்தாதவர்களுக்குக் கதவைச் சாத்திவிடலாம். ஸ்டேடியத்தில் அப்படித்தான், நாடு முழுவதிலுமிருந்து சுமார் 1,000 பேர்தான் அங்கே நீந்த முடிந்தது. ‘தேசியப் போட்டி என்றால் தரம் வேண்டாமா?’ என்று வேகமானவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு நாளில் இரண்டு நிமிடம் நீந்த எட்டு மணி நேரம் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருக்க யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் சாத்தினால் முதலில் வெளியே நிற்கப்போவது யார்? அந்த மருத்துவர் 1970-ல் யாருக்காகப் போட்டி தொடங்கினாரோ, அவர்கள்தான். பதிவுக் கட்டணத்தில் பெரும் பங்கு அவர்கள் கொடுப்பது என்பதும் அமைப்பாளர்களுக்குத் தெரியாததல்ல.

முதலில் பதிவுசெய்கிற இத்தனை பேருக்கு மட்டும் இடம் என்று வைக்கலாம். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் முன்னால் நள்ளிரவில் உட்காரத் தெரிந்தவர்கள்தான் ஜெயிப்பார்கள். நம் ஊர் தட்கல் டிக்கெட் கதைதான்.

அமெரிக்க மாஸ்டர்ஸ் அமைப்பு பல காலமாகப் பிடித்துவைத்திருக்கும் விதி வேறு. உறுப்பினர் எவரும், எவ்வளவு மெதுவாக நீந்தினாலும், மூன்று போட்டிகளில் கலந்துகொள்ளலாம். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது வேண்டுமென்றால் அவற்றில் தகுதி நேரம் காட்ட வேண்டும். அதாவது ரேஷன் வைத்திருப்பது நீச்சல்களுக்கு. ஆள் யாரும் வெளியே நிற்பதில்லை. பந்தியில் எல்லோருக்கும் இலை உண்டு, இரண்டாம் முறை பாயசம் கேட்டால்தான் யோசிப்பார்கள் என்கிற மாதிரி. இருக்கிற வழிகளில் நேர்மையானது இதுதான். வலி இல்லாததா என்றால், இல்லை. ஹவாயிலிருந்து வரும் ஒருவர் விமான டிக்கெட், நான்கு நாள் ஹோட்டல் வாடகை எல்லாம் கொடுத்து மூன்றே மூன்று 50 கெஜம் நீந்தினால், தண்ணீரில் இருந்த நேரம் மொத்தம் இரண்டு நிமிடம்கூட வராது. அப்படியும் வருகிறார்கள்.

நீச்சல் இல்லாத நேரத்தில் அவர்களுக்கு ஊர் இருக்கிறது. குளத்தைவிட்டு வெளியே வந்தால் வைட் ரிவர் ஆற்றங்கரைப் பூங்கா, கால்வாயை ஒட்டிய நடைபாதை, நகர நடுவில் 284 அடி உயரப் போர்வீரர் நினைவுத் தூண். அசைவக்காரர்களுக்கு இண்டியானாவின் பிரபலமான பன்றி இறைச்சி சாண்ட்விச். பன்னைவிட உள்ளே இருக்கும் இறைச்சித் துண்டு இரண்டு மடங்கு அகலம். 2024-ல் வந்தவர்களுக்குக் கூடுதல் அதிர்ஷ்டம். பகலில் தாங்கள் நீந்திவிட்டு, மாலையில் ஸ்டேடியத்துக்குப் போய் ஒலிம்பிக் வீரர்கள் உருவாவதைப் பார்க்கலாம்.

எங்கே நடந்தாலும் தேசியப் போட்டியில் பார்க்க வேண்டியது, 1,650 கெஜத்தின் மிக மெதுவான ஹீட். மற்ற லேன்களெல்லாம் முடிந்திருக்கும். ஒரே ஒருவர் மட்டும் போய்க்கொண்டிருப்பார். எண்ணிக்கை தவறாமல் இருக்க, குளத்தின் மறுமுனையில் நண்பர் ஒருவர் மண்டியிட்டு, எத்தனையாவது நீளம் என்று காட்டும் பலகையைத் தண்ணீருக்குள் நீட்டிப் பிடிப்பார். 61... 63... அட்டவணை ஏற்கெனவே தாமதம். அடுத்த ஹீட்காரர்கள் எட்டுப் பேரும் தொப்பியை இழுத்து மாட்டியபடி பின்னால் நிற்கிறார்கள். ஆரஞ்சு நிறப் பலகை வந்துவிட்டது, கடைசி நீளம். அந்த எட்டுப் பேரும்தான் முதலில் கை தட்டத் தொடங்குகிறார்கள்.